ஊர்க் கிணற்றுக்குச் சுவர் கட்டுவது யார்?

(எழுப்புதல் பாடம். வீட்டு ஜெபக்குழுக்களில் வாசித்துப் பேசுவதற்கு)

வேதபகுதி: அப்போஸ்தலர் 6:1-7; நெகேமியா 3; கலாத்தியர் 6:1-10





எழுப்புதலுக்காக நாம் எல்லாரும் ஜெபிக்கிறோம். உபவாசக் கூட்டம் வைக்கிறோம், முழு இரவு ஜெபம் வைக்கிறோம். மிகவும் நல்லது. ஆனால் எழுப்புதல் வந்துவிட்டால் அதை எதைக் கொண்டு கண்டுபிடிப்பது? அப்போஸ்தலர் 2-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அது மேல்வீட்டில் அக்கினியோடு ஆரம்பிக்கிறது. எங்கே போய் முடிகிறது? சாப்பாட்டுப் பந்தியில் முடிகிறது! இருக்கிறவன் விற்றுக் கொடுத்தான், இல்லாதவன் பெற்றுக்கொண்டான், வீடு வீடாகச் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஆவியின் அபிஷேகம் இறங்கின இடத்தில் அடுப்பும் எரிந்தது.

நன்மை செய்யவேண்டும் என்பது நமக்குத் தெரியாத காரியம் அல்ல. நம்முடைய பிரச்சினை வேறே. நாம் ஆரம்பிக்கிற நற்காரியம் நிற்கிறதில்லை. ஒரு பிரதர் உற்சாகமாய் ஒன்றை ஆரம்பிப்பார். ஆறு மாதம் நன்றாய் நடக்கும். அப்புறம் அவருக்கு டிரான்ஸ்பர் வரும், அல்லது உடம்புக்கு முடியாமல் போகும், அல்லது இன்னொரு பிரதரோடு மனஸ்தாபம் வரும். அதோடு சரி. "அவர் இருந்தவரைக்கும் நல்லா நடந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறோம்.

ஏன் இப்படி? நன்மையை ஒரு ஆளைச் சுற்றிக் கட்டுகிறோம். அந்த ஆள் போனால் நன்மையும் கூடவே போகிறது. அதையே ஜனங்களுக்குள் இறக்கிவிட்டால், ஆள் மாறினாலும் அது நிற்கும். இந்த ஒரு காரியத்தைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப்போகிறோம். இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாய் நாமக்கல் பஸ்ஸில் போகும்போது கிழக்கே ஒரு மலை தெரிகிறதே, அந்தக் கொல்லிமலையிலேயே இருக்கிறது.

1. மலைமேல் நடந்தது என்ன?

ஜெஸ்ஸி பிராண்ட் என்கிற இங்கிலாந்து தேசத்து ஊழியர் நூறு வருஷத்துக்கு முன்பு இந்த மலையில் வேலை செய்தார். அப்போது நாமக்கல் தனி மாவட்டம் கிடையாது, சேலம் ஜில்லாவோடு இருந்தது (1997 ஜனவரி 1-ல்தான் பிரிந்தது). மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் தங்கி, மேலே ஏறி இறங்கி ஊழியம் செய்தார். 1913-ல் ஈவ்லின் என்கிற சகோதரியை விவாகம் பண்ணி, இரண்டு பேருமாய் மலைமேல் வாழவந்தி என்ற இடத்தில் குடியேறினார்கள்.

ஜெஸ்ஸி டாக்டர் பட்டம் வாங்கினவர் அல்ல. சுருக்கமான மருத்துவப் பயிற்சி பெற்றிருந்தார், கட்டட வேலையும் தச்சு வேலையும் தெரியும். பல் பிடுங்கினார், புண்ணுக்கு மருந்து கட்டினார், பள்ளிக்கூடம் வைத்தார், புதுப் பயிர்களைக் கொண்டுவந்தார். ஆனால் வருஷக்கணக்காய் மலை ஜனங்கள் விலகியே நின்றார்கள். அவர்களை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ஊர்ப் பூசாரி.

ஒரு சமயம் கொடிய காய்ச்சல் வந்து அந்தப் பூசாரியும் அவர் மனைவியும் படுத்துவிட்டார்கள். சொந்த ஜனங்களே கிட்டே வரப் பயந்தார்கள். பிராண்ட் தம்பதிகள் போய்க் கவனித்துக்கொண்டார்கள். சாகுமுன் அந்தத் தகப்பன் தன் கைக்குழந்தையை இவர்கள் கையில்தான் ஒப்புக்கொடுத்தார். அந்தப் பெண் குழந்தைக்கு ரூத் என்று பேர் வைத்துத் தங்கள் பிள்ளையைப்போல வளர்த்தார்கள். அதுவரை எந்தப் பிரசங்கத்துக்கும் திறக்காத கதவு அன்றைக்குத் திறந்தது.

கவனியுங்கள். எதிர்த்தவனுக்குச் செய்த நன்மையை ஊர் முழுதும் பார்த்தது. "நமக்கு வேண்டியவங்களுக்கு மட்டும்" என்று செய்தால் அது கொடுக்கல் வாங்கல். கலாத்தியர் 6:10-ல் விசுவாசக் குடும்பத்தார் விசேஷமாய்ச் சொல்லப்படுகிறார்கள், மெய்தான். ஆனால் அதே வசனம் முதலாவது எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்லுகிறது. நன்மையைத் தூண்டில் புழுவாக ஆக்கவும் கூடாது. சபைக்கு வருகிறவனுக்கு அரிசி, வராதவனுக்கு இல்லை என்றால் அதற்குப் பேர் வியாபாரம்.

2. நரம்புச் சிலந்தி கற்றுத்தரும் பாடம்

அந்தக் காலத்தில் கொல்லிமலையை வாட்டிய நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பேர்தான் சிலந்தி, ஆனால் அது நூல்போல நீண்ட புழு. சில சமயம் ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். பெரும்பாலும் காலில் கொப்புளம் வந்து, நெருப்பு வைத்ததுபோல எரியும். கொப்புளம் உடைந்து புழுவின் தலை எட்டிப்பார்க்கும். அதை ஒரு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாய் இழுக்கவேண்டும். அவசரப்பட்டால் அறுந்துபோய் உள்ளே சீழ் வைக்கும். நாள்கணக்கில், சில பேருக்கு வாரக்கணக்கில் படுக்கைதான். விதைக்கிற பருவத்தில் வந்தால் அந்த வருஷம் வீட்டில் பட்டினி.

இது எப்படிப் பரவுகிறது தெரியுமா? எரிச்சல் தாங்காமல் அவன் போய்க் குளிர்ந்த தண்ணீரில் காலை வைக்கிறான். ஊர் குடிக்கிற கிணற்றிலேயே இறங்குகிறான். அந்த நிமிஷத்தில் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளைத் தண்ணீரில் விடுகிறது. கண்ணுக்குச் சரியாய்த் தெரியாத சின்ன நீர்ப்பூச்சிகள் அவற்றைத் தின்னும். அந்தத் தண்ணீரை ஊரார் குடிப்பார்கள். உடனே ஒன்றும் தெரியாது. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து அவர்கள் காலிலும் கொப்புளம் வரும்.

இதற்கு அன்றைக்கும் மருந்து கிடையாது, இன்றைக்கும் கிடையாது, தடுப்பூசியும் இல்லை. ஒரே வழி, புண் உள்ளவன் தண்ணீரில் இறங்காமல் இருக்கவேண்டும், மற்றவர்கள் துணியில் வடிகட்டிக் குடிக்கவேண்டும். ஜெஸ்ஸி பிராண்ட் செய்தது இதுதான். கிணற்றைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பி, இறங்காமல் மேலேயிருந்து மொண்டுகொள்ள ஜனங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

பிரியமானவர்களே, இந்த நோயைத் தனி ஆளாய் ஒருவனும் ஜெயிக்க முடியாது. என் வீட்டில் நான் எவ்வளவு சுத்தமாய் இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரன் கால் கிணற்றில் இருந்தால் எனக்கும் வரும். ஊர் முழுதும் ஒரு மனதாய்ச் சுவர் கட்டினால் ஒழிய விடுதலை இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். கிணற்றைக் கெடுத்தவன் கெட்டவன் அல்ல, வலி தாங்காதவன். நம் நடுவில் கோபமாய்ப் பேசுகிறவர்கள், புறங்கூறுகிறவர்கள், குடிக்கிறவர்கள் அநேகர் உள்ளே எரிகிற புண்ணோடு இருக்கிறவர்கள். அவனை ஏசுவதால் கிணறு சுத்தமாகாது. அவன் புண்ணுக்கு ஒருவர் துணி கட்டவேண்டும், கிணற்றுக்கு ஊரார் சுவர் கட்டவேண்டும். இரண்டும் வேண்டும். ஒன்று இரக்கம், மற்றது ஒழுங்கு.

ஜெஸ்ஸி 1929 ஜூன் மாதம் மலைக்காய்ச்சல் முற்றி, 44-ம் வயதில் மரித்தார். ஆனால் வேலை நிற்கவில்லை. ஈவ்லின் அம்மையார் திரும்பி வந்தார். எழுபது வயது கடந்தபின் மிஷன் சங்கம் அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஓய்வை வாங்கிக்கொண்டு மறுபடியும் மலையேறினார்! மட்டக்குதிரையில் ஏறி மலை மலையாய்ப் போய், நரம்புச் சிலந்தியை ஒழிக்கப் பாடுபட்டார். 1974 டிசம்பரில், 95 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கொல்லிமலையிலேயே கணவருடைய கல்லறைக்கு அருகில் அடக்கம் பண்ணப்பட்டார்.

அப்புறம் அரசாங்கம் 1983-84-ல் தேச அளவில் ஒழிப்புத் திட்டம் கொண்டுவந்தது. வீடு வீடாய்த் தேடி, கிணறு கிணறாய்ப் பார்த்தார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் இந்த நோய் இல்லை என்று சான்று கொடுத்தது. உலகத்தில் 1986-ல் ஏறக்குறைய 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2023-ல் 14 பேருக்குத்தான் இருந்தது. மருந்தே இல்லாத ஒரு நோயை, அக்கம்பக்கத்தார் சேர்ந்தே துரத்தியிருக்கிறார்கள். அப்படியானால் நம்முடைய தெருவில் எதைத்தான் துரத்த முடியாது?

3. வாங்குகிறவனையும் வேலையாளாக்குங்கள்

அப்போஸ்தலர் 6-ல் ஆதி சபையில் ஒரு முறுமுறுப்பு. அன்றாடப் பந்தியில் கிரேக்கு பேசுகிற விதவைகள் விடுபட்டுப்போனார்கள். அப்போஸ்தலர்கள் "குறை சொல்லாதீங்க, ஜெபம் பண்ணுங்க" என்று வாயை அடைத்தார்களா? இல்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேருடைய பேர்களைப் பாருங்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர்... எல்லாம் கிரேக்கப் பேர்கள்! எந்தப் பக்கத்திலிருந்து குறை வந்ததோ, அந்தப் பக்கத்தார் கையிலேயே பந்தி ஒப்புவிக்கப்பட்டதுபோல் இருக்கிறது. குறை சொன்னவர்கள் பொறுப்பாளிகள் ஆனார்கள். சபை பெருகிற்று என்று அந்தப் பகுதி முடிகிறது.

நம்முடைய பக்கத்திலும் இதைப் பார்த்திருக்கிறோம். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பமாயின. 1991-92-ல் சேலம் மாவட்டத்துக்கும் வந்தன. 12 முதல் 20 பெண்கள் ஒரு குழு. கூலி வேலை செய்கிறவர்கள், தறி வீட்டுப் பெண்கள். சிறுகச் சிறுகச் சேமித்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து, எல்லார் முன்னிலையிலும் நோட்டில் எழுதினார்கள். கந்துவட்டிக்காரன் வாசலில் நின்றவர்கள் தாங்களே கணக்குப் பிள்ளைகள் ஆனார்கள். யாரோ ஒரு புண்ணியவான் பணம் கொடுத்திருந்தால் இது நடந்திருக்குமா?

நாமக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். லாரித் தொழில் செழித்த ஊர். தொண்ணூறுகளில் எச்.ஐ.வி. நோய் அநேகக் குடும்பங்களுக்குள் வந்தது. ஒரு பாவமும் அறியாத மனைவிமார் பலர் கணவன் மூலமாய் நோயைப் பெற்று, மாமியார் வீட்டாராலும் தள்ளப்பட்டார்கள். அப்படிப் பாதிக்கப்பட்ட நாமக்கல் பெண்ணாகிய கௌசல்யா, 1998-ல் தன்னைப்போன்ற பெண்களைச் சேர்த்து பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்கிற அமைப்பை உண்டாக்கினார். தள்ளப்பட்டவர்களே ஒருவரையொருவர் தாங்கினார்கள். சபையாரே, ஒன்று கேட்கிறேன், கோபிக்கவேண்டாம். அப்படி ஒரு சகோதரி நம்முடைய ஆராதனைக்கு வந்தால், பாயில் அவர் பக்கத்தில் நெருங்கி உட்காருவோமா, நகர்ந்து உட்காருவோமா?

பிராண்ட் தம்பதிகளின் மகன் டாக்டர் பால் பிராண்ட் (1914-2003) வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். கை சரியானது. ஆனால் சுகமானவர்கள் ஊருக்குத் திரும்பியபோது வேலை கொடுப்பார் இல்லை. கை நன்றாய் இருப்பதால் பிச்சைகூட சரியாய் விழவில்லை என்று வருத்தப்பட்டவர்களும் உண்டு! அதற்கு அப்புறம்தான் அவர்களுக்குத் தச்சு வேலை முதலானவை கற்றுக்கொடுக்க நவஜீவ நிலையம் என்று ஒன்று உண்டாயிற்று. கையை டாக்டர் நிமிர்த்தலாம். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்க ஒரு ஊர் வேண்டும்.

4. அவனவன் வீட்டுக்கு எதிரே

நெகேமியா 3-ம் அதிகாரத்தை "வெறும் பேர்ப் பட்டியல்" என்று நாம் தாண்டிப் போய்விடுகிறோம். தாண்டாதீர்கள். எருசலேமின் அலங்கத்தைக் கட்டினவர்கள் யார்? ஆசாரியர்கள், தட்டான்கள், தைலக்காரர், வியாபாரிகள். சல்லூம் என்பவன் தன் குமாரத்திகளையும் கூட்டிக்கொண்டு கட்டினான் (3:12). கொத்தனார் என்று தொழில் குறிக்கப்பட்டவன் ஒருவனையும் அந்தப் பட்டியலில் காணோம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர் மண்வெட்டி எடுத்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். அநேகர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கைக் கட்டினார்கள். தெக்கோவா ஊர்ப் பெரிய மனுஷர் மட்டும் குனிய மனமில்லாமல் இருந்தார்கள், அதுவும் எழுதப்பட்டிருக்கிறது (3:5)!

2010-ல் நம்முடைய சேலத்திலேயே, கன்னங்குறிச்சி மூக்கனேரியை சேலம் மக்கள் குழு என்கிற பொதுமக்கள் அமைப்பு எடுத்துச் சீர்படுத்தியது. பணம் உள்ளவர் பணம் கொடுத்தார், நேரம் உள்ளவர் நேரம் கொடுத்தார். தூர் வாரின மண்ணை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரம் நட்டார்கள். தண்ணீர் நின்றது, பறவைகள் வந்தன. அவர்கள் எல்லாரும் ஒரே ஜாதியா, ஒரே மதமா? இல்லை. ஏரி ஒன்று, அவ்வளவுதான். உலகத்தார் ஏரிக்காக ஒன்றுகூடும்போது, ஒரே அப்பத்தில் பங்குபெறுகிற நாம் ஒரு தெருவுக்காக ஒன்றுகூடக் கூடாதா?

5. நற்காரியத்தைக் கெடுக்கும் நாலு நோய்கள்

முதலாவது, பேர் ஆசை. உதவி வாங்குகிறவரை நிற்க வைத்துப் போட்டோ எடுப்பது. அந்த அம்மாளின் பிள்ளை அதை நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பார்க்காதா? மத்தேயு 6-ம் அதிகாரம் நமக்கு மனப்பாடம், ஆனால் கேமரா வந்தால் மறந்துபோகிறது.

இரண்டாவது, கணக்கில்லாத பணம். "விசுவாசத்தில் செய்கிறோம், கணக்கு எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். பவுல் அப்போஸ்தலன் எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த காணிக்கையைத் தனியாய்த் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் கூட வைத்துக்கொண்டார், மனுஷர் பார்வையிலும் சுத்தமாய் இருக்கவேண்டும் என்று (2 கொரி. 8:19-21). ஒரு நோட்டு, இரண்டு கையெழுத்து, மாதம் ஒருமுறை எல்லார் முன்னும் வாசிப்பு. அநேகச் சண்டைகள் வராமலே போகும்.

மூன்றாவது, ஜெபக்குறிப்பு என்ற பேரில் ஊர்வம்பு. "அந்த சிஸ்டர் வீட்டுக்காரருக்காக ஜெபிச்சுக்கங்க, நேத்தும் குடிச்சிட்டு வந்து..." என்று ஆரம்பித்து, ஐந்து ரோடு போய்ச் சேருவதற்குள் பத்துப் பேருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அந்த சிஸ்டர் எந்தக் கஷ்டத்தையும் யாரிடமும் வாய் திறந்து சொல்லவே மாட்டார்கள். இரகசியத்தைக் காக்கத் தெரியாத கூட்டத்தில் பாரத்தை இறக்கி வைக்க யாரும் வரமாட்டார்கள். இதுவும் கிணற்றில் கால் வைப்பதுதான்.

நான்காவது, சோர்வு. கலாத்தியர் 6:9 இதைப்பற்றி எச்சரிக்கிறது. சோம்பேறிக்கு இந்த எச்சரிப்பு தேவையில்லை. நன்மை செய்கிறவனுக்கு வருகிற நோய் இது. யாத்திராகமம் 18-ல் மோசே விடியற்காலம் துவக்கிச் சாயங்காலம் வரை தனியாய் உட்கார்ந்து நியாயம் விசாரித்தார். மாமனார் எத்திரோ வந்து பார்த்து, இது நல்லதல்ல, நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்கிற அர்த்தத்தில் கண்டித்தார். பத்துப் பேருக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரிக்கச் சொன்னார். நம் சபையில் எதற்கெடுத்தாலும் ஒரே அக்காவைக் கூப்பிடுகிறோமா? ஆஸ்பத்திரிக்கும் அவர்கள்தான், சாவு வீட்டுக்கும் அவர்கள்தான், சமையலுக்கும் அவர்கள்தான். அந்த அக்கா சாப்பிட்டார்களா என்று யார் கேட்டோம்? வேலையாளைத் தாங்குவதும் நன்மை செய்வதில் ஒரு பங்கு.

6. இந்த மாதம் என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் போடவேண்டாம். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனைச் சுமந்தவர்கள் நாலே பேர். ஆளுக்கு ஒரு மூலை பிடித்தார்கள், கூரை ஏறினார்கள். நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள்.

(அ) ஜங்ஷன் பக்கம் ஒரு குழு, ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் ஒரு குழு, கந்தம்பட்டி பக்கம் ஒரு குழு என்று நாலைந்து வீடுகளாய்ச் சேருங்கள். நடந்து போகிற தூரத்தில் இருந்தால்தான் நடுராத்திரியில் கதவைத் தட்ட முடியும்.

(ஆ) உங்கள் தெருவில் தனியாய் இருக்கிற முதியவர், படுக்கையில் இருக்கிறவர், பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்ட பிள்ளை யார் என்று பாருங்கள். எந்த மதமானாலும் சரி. முதலில் போய்க் கேளுங்கள், அப்புறம் கொடுங்கள். அரிசி வேண்டும் என்று நாம் நினைப்போம். அவர்களுக்கு வேண்டியது ரேஷன் கடைக்குத் துணையாய் ஒரு ஆளாக இருக்கும்.

(இ) ஒரே ஒரு வேலையை எடுத்து ஒரு வருஷம் விடாமல் செய்யுங்கள். நரம்புச் சிலந்தியை இழுப்பதுபோலத்தான். தினம் கொஞ்சம், அறுந்துபோகாமல்.

(ஈ) எந்த வேலைக்கும் இரண்டு பேரை வையுங்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் வேலை நடக்கவேண்டும்.

(உ) மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளரை மாற்றுங்கள். உதவி பெற்றவர் ஒருவருக்கும் பொறுப்பு கொடுங்கள்.

குழுவில் பேசிப் பார்க்க

1. நம் சபையில் நன்றாய் ஆரம்பித்து நின்றுபோன நற்காரியம் எது? அது யாரைச் சுற்றி நின்றது?

2. நம் தெருவில் எல்லாரும் குடிக்கிற "கிணறு" எது? அதை யார் வலி கெடுக்கிறது? அவருக்கு யார் மருந்து கட்டுவது?

3. நம்மிடம் சொன்ன இரகசியம் நம்மோடு நிற்கிறதா?

4. நம் நடுவில் தனியாய்ப் பாரம் சுமக்கிறவர் யார்? இந்த வாரமே அவருடைய ஒரு வேலையை எடுத்துக்கொள்ள யார் ஆயத்தம்?

பிரியமானவர்களே, ஜெஸ்ஸி ஐயாவின் கல்லறையைப் போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் போகலாம். ஆனால் அவருக்கு உண்மையான ஞாபகச் சின்னம் கல்லறையல்ல. அந்த மலையில் இன்றைக்குப் பிறக்கிற பிள்ளைக்கு நரம்புச் சிலந்தி என்றால் என்ன என்றே தெரியாது. கட்டினவன் பேரை அறியாத பிள்ளை பயமில்லாமல் தண்ணீர் குடிக்கிறது. நம்முடைய தெருவுக்கும் அப்படி ஒரு சுவர் வேண்டும். நம்மில் ஒருவரும் அதைத் தனியாய்க் கட்டப்போகிறதில்லை, ஆனால் ஆளுக்கு ஒரு கல் நம் கையில் இருக்கிறது.

கர்த்தர் தாமே நம் ஒவ்வொருவருக்கும் நல்ல மனதையும், சோராத கைகளையும், ஒருமனதையும் தந்து, சூரமங்கலத்தில் ஒரு வீடும் தனித்துவிடப்படாதபடி கிருபை செய்வாராக. ஆமென்.